சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (திசம்பர் 10, 1878 – திசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், எழுத்தாளரும், அரசியலாளரும் ஆவார். இராஜாஜி, சி. ஆர்., மூதறிஞர் ஆகிய பெயர்களாலும் இவர் அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் முதல்வராக 1937 முதல் 1939 வரையிலும், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக 1952 முதல் 1954 வரையிலும் பதவி வகித்தார். இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநர் இவரே. அப்பதவியை வகித்த ஒரே இந்தியரும் இவரே. 1959 ஆம் ஆண்டில் சுதந்திராக் கட்சியை நிறுவினார். 1954 ஆம் ஆண்டில் இந்தியாவின் மிக உயரிய குடிமை விருதான பாரத ரத்னா முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர்களுள் இவரும் ஒருவர்.

ஆழ்ந்த வைணவப் பற்றுடைய இராஜாஜி, ஏழைகளின் பொருளாதார நிலையைச் சீர்செய்வதைச் சமயக் கடமையாகக் கருதினார். கதர்ப் பணி, மதுவிலக்கு, உழவர் கடன் நிவாரணம், கோயில் நுழைவு, தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு ஆகியவை இந்நோக்கில் அவர் மேற்கொண்ட முயற்சிகள். அதே வேளையில், இவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் கட்டாய இந்தியும் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன.

பிறப்பும் இளமையும்

இராஜாஜி, அன்றைய சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தில் இருந்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யா ஐயங்கார், தாய் சிங்காரம்மாள். தந்தையார் தொரப்பள்ளியின் கிராம முன்சீப்பாகப் பணியாற்றினார். கிராமத்தின் நிலவரிக் கணக்கு, சிறு வழக்குகள், கடன் தகராறுகள் ஆகியவை முன்சீப்பின் பார்வைக்கு வருவது அக்கால வழக்கம். எனவே மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர் வாழ்க்கை எவ்வாறு நிலைகுலையும் என்பதை அறியத்தக்க சூழலிலேயே இராஜாஜி வளர்ந்தார். இவர் பிறப்பதற்குச் சற்று முன்னர்தான், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியிருந்தது. சேலம் மாவட்டம் அப்பஞ்சத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகும்.

தொரப்பள்ளி, இன்றைய கருநாடக எல்லையை ஒட்டிய பகுதியில் உள்ளது. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் இப்பகுதியில் வழங்குகின்றன. தொடக்கக் கல்வியைத் தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் கற்ற இராஜாஜி, பின்னர் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று 1894 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்று 1897 இல் தேர்ச்சி அடைந்தார். அதே ஆண்டில் அலமேலு மங்கம்மாவை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். மனைவி இளவயதிலேயே இறந்துவிட்டார். அதன் பின்னர் இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சேலத்தில் வழக்கறிஞர் பணி

1900 ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய இராஜாஜி, குறுகிய காலத்திலேயே பெயரும் பொருளும் ஈட்டினார். 1911 இல் சேலம் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். இவரது முயற்சியால் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாகச் சேலம் நகராட்சியின் உறுப்பினரானார். 1917 இல் விடுதலைப் போராட்ட வீரர் பெ. வரதராஜுலு நாயுடுவின் மீது ஆங்கில அரசு தொடுத்த அரசத் துரோக வழக்கில் அவருக்காக வாதாடினார்.

சமயமும் உழைப்பாளர் நலனும்: காலப் பின்னணி

இராஜாஜி பொது வாழ்வில் நுழைந்த காலத்தில், சமயப் பற்றுடையோர் உழைப்பாளர் நலனுக்காக முன்வருவது தமிழகத்தில் புதிய போக்காக உருவாகி வந்தது. சென்னை பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்தவர்ஷினி சபை என்னும் சமய அமைப்பு இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவுகளைக் கேட்பதற்காக அங்கு கூடுவர். அச்சபையோடு தொடர்புடைய செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் தொழிலாளரின் துன்பங்களைப் பிறரிடம் எடுத்துச் சென்றனர். இதன் விளைவாக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா அதன் தலைவரானார். சைவப் பற்றாளரான திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக இது கருதப்படுகிறது.

இராஜாஜியின் வழி இதனின்றும் வேறுபட்டது. ஆலைத் தொழிலாளர் சங்கமும் வேலைநிறுத்தமும் அவருடைய களமாக அமையவில்லை. நூற்போர், நெய்வோர், கடன்பட்ட உழவர், பண்ணையாள்கள் ஆகிய நாட்டுப்புற உழைப்பாளர்களே அவரது கவனத்தைப் பெற்றனர். உரிமைக் கோரிக்கையைவிடச் செல்வருடைய கடமை உணர்வையும், சட்டத்தின் துணையையும் அவர் பெரிதும் நம்பினார்.

காந்தியுடன் தொடர்பு

1919 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகாத்மா காந்தி சென்னைக்கு வந்தபோது, இராஜாஜி குடியிருந்த கதீட்ரல் சாலை இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்திற்கு எதிராக நாடு முழுவதும் கடையடைப்பும் நோன்பும் நடத்தும் எண்ணம் அங்குதான் காந்திக்குத் தோன்றியது. அரசியல் எதிர்ப்பை உண்ணா நோன்புடனும் வழிபாட்டுடனும் இணைத்த இம்முறை இராஜாஜியை ஈர்த்தது. ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும், வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலை அவர் கைவிட்டார். 1921 திசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். அப்போது எழுதிய நாட்குறிப்பு சிறையில் தவம் என்னும் நூலாக வெளிவந்தது. காந்தி சிறைப்பட்டிருந்தபோது யங் இந்தியா இதழின் ஆசிரியர் பொறுப்பையும் இவர் ஏற்றிருந்தார்.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்

1925 பெப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. அதற்கான நிலத்தைப் புதுப்பாளையம் சமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் வழங்கினார். அப்போது காங்கிரசில் இருந்த ஈ. வெ. இராமசாமி ஆசிரமத்தைத் திறந்து வைத்தார். இராஜாஜி தம் பிள்ளைகளுள் நரசிம்மனையும் இலட்சுமியையும் உடன் அழைத்துக்கொண்டு அங்கு ஒரு சிறு குடிலில் குடியேறினார். க. சந்தானம் போன்றோர் அவருடன் பணியாற்றினர்.

திருச்செங்கோட்டுப் பகுதி மழை குறைந்த வறட்சிப் பகுதியாகும். வேளாண்மை பொய்த்த மாதங்களில் கூலி வேலையும் கிடைக்காது. ஆசிரமம் பஞ்சை வாங்கி ஊர்களில் உள்ள பெண்களுக்குக் கொடுத்தது. அவர்கள் நூற்றுக் கொண்டுவந்த நூலை எடைபோட்டுக் கூலி வழங்கியது. அந்நூல் உள்ளூர் நெசவாளர்களிடம் சென்று துணியாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் முழுவதும் நூற்றாலும் கிடைத்த கூலி சில காசுகளே. ஆயினும் வேறு வருவாயே இல்லாத குடும்பங்களுக்கு அது ஒரு வேளைக் கஞ்சியாக இருந்தது. பல கல் தொலைவு நடந்து வந்து பெண்கள் நூலைக் கொடுத்துச் சென்றனர்.

ஆசிரமத்தில் அனைத்துச் சாதியினரும் ஒன்றாக உண்டனர், ஒன்றாக வழிபட்டனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அங்கு தங்கினர். எனவே தொடக்கத்தில் சுற்றுப்புறச் சாதி இந்துக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. எளிய மருத்துவ உதவியும் வறட்சிக்காலத் தொண்டும் அவ்வெதிர்ப்பைப் படிப்படியாகக் குறைத்தன. காந்தி 1925 இலும் 1934 இலும் இங்கு வருகை தந்தார்.

கதரியக்கத்திற்குள்ளேயே கூலி பற்றிய கேள்வி ஒன்று பின்னர் எழுந்தது. 1925 இல் தொடங்கப்பட்ட அனைத்திந்திய நூற்போர் சங்கம், துணியின் விலையைக் குறைவாக வைப்பதற்காக நூற்போருக்கு மிகக் குறைந்த கூலியே கொடுத்து வந்தது. ஏழைகளுக்காகத் தொடங்கிய இயக்கமே ஏழைகளின் உழைப்பை மலிவாகப் பெறுவது முறையன்று என 1935 இல் காந்தி வற்புறுத்தினார். அதன் பின்னர், துணியின் விலை உயர்ந்தாலும் வாழ்க்கைக்கு ஏற்ற கூலியை நோக்கிச் செல்வது என்னும் கொள்கையைச் சங்கம் ஏற்றது.

1929 இல் மதுவிலக்குப் பரப்புரைக்காக விமோசனம் என்னும் இதழை இராஜாஜி ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதன் துணையாசிரியராகப் பணியாற்றினார்.

தீண்டாமை ஒழிப்பு

தொழிலைத் துறந்த இராஜாஜி, 1920களின் நடுப்பகுதியில் ஒரு வழக்கிற்காக மட்டும் மீண்டும் நீதிமன்றம் சென்றார். திருச்சானூர்க் கோயிலுக்குள் வழிபடச் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர், கோயிலைத் தீட்டுப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அவருக்காக இராஜாஜி மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். நீதிமன்றப் புறக்கணிப்பு என்னும் தம் நோன்பைவிட, வழிபடச் சென்றவர் குற்றவாளியாக்கப்படுவதைத் தடுப்பதே பெரிது என அவர் கருதியதை இச்செயல் காட்டுகிறது.

1932 இல் காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையே உருவான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் இராஜாஜியும் ஒருவர். அதே ஆண்டில் குருவாயூர்க் கோயில் நுழைவுக்காகப் பொன்னானி வட்டத்தில் மக்கள் கருத்தைத் திரட்டும் பணியிலும் ஈடுபட்டார். 1933 இல் இவருடைய மகள் இலட்சுமி, காந்தியின் இளைய மகன் தேவதாசை மணந்தார். சாதி கடந்த இத்திருமணம் அக்காலத்தில் வைதிகரின் கண்டனத்திற்கு உள்ளானது.

வேதாரண்யம் உப்பு அறப்போர்

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவை நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தனர். தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்து அத்தடையைக் கடந்தனர். ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டத்தை மீறிய இராஜாஜி கைதானார். காவலருக்கு முகம் மழிக்க மறுத்துச் சிறை சென்ற வேதாரண்யம் தொழிலாளி வைரப்பனின் செயலும் இப்போராட்டத்தின் பகுதியாக நினைவுகூரப்படுகிறது. உப்பின் மீதான வரி, செல்வரையும் ஏழையையும் ஒன்றுபோலத் தாக்கும் வரியாகையால், இப்போராட்டம் பொருளாதார நீதிக்கான போராட்டமாகவும் அமைந்தது.

சென்னை மாகாண முதல்வர் (1937–1939)

1937 சூலை 14 அன்று இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். வி. வி. கிரி அவரது அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும் அமைச்சராக இருந்தார்.

மதுவிலக்கு: 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இராஜாஜி பிறந்த ஓசூர் வட்டமும் இதில் அடங்கும். பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கூலித் தொழிலாளியின் வருவாய் கள்ளுக்கடையில் கரைவதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். ஆயத்தீர்வை மாகாண வருவாயின் பெரும்பங்காக இருந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரி அறிமுகப்படுத்தப்பட்டது. இந்திய மாகாணங்களில் இத்தகைய பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. மதுவிலக்கினால் கள் இறக்கும் தொழிலாளர்கள் பிழைப்பை இழந்தனர். அவர்களுக்காகப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் இம்மாற்று ஏற்பாடுகள் இழந்த வருவாய்க்கு முழுமையாக ஈடாகவில்லை.

உழவர் கடன் நிவாரணம்: 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. ஆனால் உழவர் பட்ட கடனும் அதன் வட்டியும் குறையவில்லை. 1938 ஆம் ஆண்டு சென்னை வேளாண்மையாளர் நிவாரணச் சட்டம் இந்நிலையை மாற்ற முயன்றது. 1932 அக்டோபர் 1 க்கு முன்னர் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. முதலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி முதலைவிட மிகுதல் கூடாது என்னும் பழைய இந்து அறநூல் மரபு இவ்விதியின் பின்னணியில் இருந்தது. புதிய கடன்களுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு ஆறேகால் என வரம்பிடப்பட்டது. நிலவுடைமையுள்ள உழவர்க்கு இச்சட்டம் பெரும் பயன் அளித்தது; நிலமற்ற கூலியாள்களுக்கு அதே அளவு பயன் கிட்டவில்லை. கடன் கொடுப்போர் தயங்கியதால் சில இடங்களில் புதுக்கடன் கிடைப்பதும் அரிதாயிற்று.

கோயில் நுழைவு: 1938 இல் எம். சி. இராஜா சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டு வந்தார். இராஜாஜி அதனை ஆதரிக்கவில்லை. முதலில் மலபார்ப் பகுதிக்கு மட்டும் சட்டம் இயற்றுவதே உகந்தது எனக் கருதினார். இது எம். சி. இராஜாவுக்குப் பெரும் ஏமாற்றத்தை அளித்தது. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். இதனை முன்னின்று நடத்தியோர் மீது வழக்குகள் தொடரப்படாதவாறு இராஜாஜி அரசு விரைந்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. பின்னர் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது.

கட்டாய இந்தி: பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய இவரது ஆணையை எதிர்த்து ஈ. வெ. இராமசாமி, மறைமலை அடிகள் போன்றோர் போராடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் உயிரிழந்தனர். இராஜாஜி பதவி விலகிய பின்னர், 1940 பெப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

தலைமை ஆளுநர்

பாக்கித்தான் கோரிக்கை தொடர்பான கருத்து வேறுபாட்டால் 1942 இல் காங்கிரசிலிருந்து விலகிய இராஜாஜி, பின்னர் மீண்டும் அதில் இணைந்தார். விடுதலைக்குப் பின்னர் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 சூன் 21 முதல் 1950 சனவரி 26 வரை இந்தியத் தலைமை ஆளுநராகவும் பதவி வகித்தார். 1950–51 இல் நடுவண் உள்துறை அமைச்சராக இருந்தார்.

சென்னை மாநில முதலமைச்சர் (1952–1954)

1952 பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. இந்நிலையில் தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி, சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். இந்நியமனம் மக்களாட்சி முறைக்கு முரணானது எனக் கண்டிக்கப்பட்டது.

தஞ்சைப் பண்ணையாள் சட்டம்

தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பெருநிலக்கிழார்களிடம் பரம்பரையாக வேலை செய்தவர்கள் பண்ணையாள்கள் எனப்பட்டனர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரான இவர்கள் சாட்டையடி, சாணிப்பால் போன்ற கொடிய தண்டனைகளுக்கு உள்ளாயினர். 1940கள் முதல் பொதுவுடைமைக் கட்சியினர் பி. சீனிவாசராவ் போன்றோர் தலைமையில் இவர்களை ஒன்றுதிரட்டினர்.

பொதுவுடைமைக் கட்சியைத் தம் முதன்மை எதிரியாக அறிவித்திருந்த இராஜாஜி, அக்கட்சியின் இயக்கத்திற்குக் காரணமான குறைகளைத் தீர்க்காமல் அதனை ஒடுக்க இயலாது என உணர்ந்தார். 1952 ஆகத்து மாதத்தில் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது பின்னர் சட்டமாக்கப்பட்டது. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தோருக்கு இது பொருந்தியது. குத்தகைதாரர்க்கு ஐந்தாண்டுக் குத்தகை உறுதியும், விளைச்சலில் ஐந்தில் இரு பங்கும் வழங்கப்பட்டன. பண்ணையாள்களின் கூலி உயர்த்தப்பட்டது. தக்க காரணமின்றி அவர்களை நீக்குவது தடை செய்யப்பட்டது.

நிலக்கிழார்கள், அவர்களுள் பலர் காங்கிரசு ஆதரவாளர்கள், இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். பொதுவுடைமைக் கட்சியினரோ இது போதாது என்றனர். நடைமுறையில் பல நிலக்கிழார்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு நாட்கூலி முறைக்கு மாறினர். இதனால் பண்ணை அடிமை முறை மறைந்தது. அதனோடு ஆண்டு முழுவதும் வேலை என்னும் உறுதியும் மறைந்தது. தஞ்சையில் கூலிச் சிக்கல் தொடர்ந்தது. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வு அதன் மிகக் கொடிய வெளிப்பாடாகும்.

கைத்தறி நெசவாளர்

விடுதலைக்குப் பின்னர் கைத்தறித் துணி விற்பனையாகாமல் தேங்கி, நெசவாளர்கள் பட்டினியில் வாடினர். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என இராஜாஜி நடுவண் அரசை வலியுறுத்தினார். இக்கோரிக்கை முழுமையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1953 இல் ஆலைத் துணியின் மீது தீர்வை விதித்து அவ்வருவாயைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட வகைசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது.

தொடக்கக் கல்வித் திட்டம்

1953 இல் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் மாணவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தை இராஜாஜி கொண்டுவந்தார். ஆசிரியரும் கட்டடமும் போதாத நிலையில், இருவேளைப் பள்ளி முறையால் கூடுதல் குழந்தைகளைச் சேர்க்க இயலும் என்பதும், கைத்தொழிலுக்கு மதிப்புக் கூடும் என்பதும் அவரது வாதம். ஆனால் தந்தையின் தொழிலை மகன் கற்பது, சாதியால் வகுக்கப்பட்ட தொழிலிலேயே அவனைக் கட்டிப்போடும் என எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். குலக்கல்வித் திட்டம் எனப் பெயர்பெற்ற இதனைத் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தன. காங்கிரசிலும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் இத்திட்டத்தைக் கைவிட்டார்.

சுதந்திராக் கட்சி

1957 இல் காங்கிரசை விட்டு விலகிய இராஜாஜி, 1959 இல் தம் எண்பதாவது வயதில் சுதந்திராக் கட்சியை நிறுவினார். கூட்டுறவுப் பண்ணை முறையையும், தொழில் தொடங்க அரசின் உரிமமும் ஒதுக்கீடும் தேவைப்பட்ட முறையையும் இக்கட்சி எதிர்த்தது. அரசின் கட்டாயத்தால் அன்றி, செல்வர்கள் தம் செல்வத்தைச் சமுதாயத்தின் பொருட்டுக் காக்கும் அறங்காவலராக நடந்துகொள்வதால் நீதி விளையவேண்டும் என்னும் காந்தியக் கருத்தை இராஜாஜி வலியுறுத்தினார். முன்னாள் மன்னர்களும் நிலக்கிழார்களும் தொழிலதிபர்களும் கட்சியில் மிகுதியாக இருந்ததால், அது செல்வரின் கட்சி என விமர்சிக்கப்பட்டது. 1967 பொதுத் தேர்தலில் மக்களவையில் 44 இடங்களை வென்றது. அதே ஆண்டில் சென்னை மாநிலத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்து, காங்கிரசு ஆட்சி முடிவுக்கு வரத் துணைநின்றது. முன்னர் இந்தியைக் கட்டாயமாக்கிய இராஜாஜி, இக்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்தார்.

அணு ஆயுதச் சோதனைகளைக் கைவிடுமாறு வலியுறுத்த, 1962 இல் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். 1971 இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, அதனைக் கைவிட வேண்டாம் என முதலமைச்சர் மு. கருணாநிதியிடம் நேரில் வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

எழுத்துப் பணி

இதிகாசங்களையும் தத்துவங்களையும் எளிய தமிழில் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தவர்களுள் இராஜாஜி முதன்மையானவர். இவருடைய நூல்களுள் சில:

வியாசர் விருந்து (மகாபாரதம்)
சக்கரவர்த்தித் திருமகன் (இராமாயணம், 1958 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றது)
கண்ணன் காட்டிய வழி (பகவத் கீதை)
உபநிஷதப் பலகணி
சோக்ரதர்
ஆத்ம சிந்தனை (மார்க்கசு அரேலியசின் சிந்தனைகள்)
திண்ணை ரசாயனம் (வேதியியல்)

குடி, கடன், தீண்டாமை ஆகியவற்றால் ஏழைக் குடும்பங்கள் சீரழிவதைச் சிறுகதைகளாகவும் எழுதினார். குடியாலும் கடனாலும் ஓர் ஏழைக் குடும்பம் அழிவதைக் கூறும் திக்கற்ற பார்வதி 1974 இல் திரைப்படமாக வெளிவந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய இப்படம் தொரப்பள்ளியிலேயே படமாக்கப்பட்டது.

மதிப்பீடு

ஏழைக்கு வட்டிச் சுமையைக் குறைத்தவரும், பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தவரும், கோயில் கதவு திறக்கத் துணைநின்றவரும் இராஜாஜியே. ஏழையின் பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கு அனுப்பும் திட்டத்தை வகுத்தவரும் அவரே. அவருடைய ஆதரவாளர்கள் இவற்றுள் அறநெறியின் தொடர்ச்சியைக் காண்கின்றனர். எதிர்ப்பாளர்களோ, தொண்டு செய்வோரும் தொண்டு பெறுவோரும் தத்தம் இடத்திலேயே நிற்கவேண்டும் என்னும் பழைய சமுதாய ஒழுங்கை அவரது சமயப் பார்வை கேள்விக்கு உட்படுத்தவில்லை என்கின்றனர். சமயக் கடமை என்னும் வழியில் தொடங்கும் பொருளாதார நீதி எதுவரை செல்லும், உழைப்போர் தாமே கேட்டுப் பெறும் உரிமையிலிருந்து அது எவ்வகையில் வேறுபடும் என்பதை ஆராய்வோர்க்கு இவரது வாழ்க்கை முதன்மையான சான்றாக உள்ளது.

மறைவும் நினைவிடங்களும்

இராஜாஜி 1972 திசம்பர் 25 அன்று தம் 94 ஆம் வயதில் சென்னையில் காலமானார். சென்னை கிண்டியில் இவருக்கு நினைவு மண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. தொரப்பள்ளியில் இவர் பிறந்த வீடு தமிழ்நாடு அரசால் நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இவர் வாழ்ந்த குடில் அவரது கதர்ப் பணியை நினைவூட்டுகிறது.

இராஜாஜி பிறந்தபோது சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளி, 1965 இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அடங்கியது. 1970கள் முதல் ஓசூரில் தமிழ்நாடு அரசின் தொழிற்பேட்டைகள் உருவாயின. இன்று பல மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வேலை தேடி வரும் நகரமாக ஓசூர் வளர்ந்துள்ளது. வறட்சியும் கடனும் உழவரை வாட்டிய பகுதியில், கூலியும் பணிப் பாதுகாப்பும் இன்று ஆலைத் தொழிலாளரின் கேள்விகளாகத் தொடர்கின்றன.